கேட்டால் போதாது, வாய்விட்டுப் பாட வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் இணைப்பில், ஆங்கிலப் பாட்டுகளை ஓயாமல் கேட்டாலே ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பிள்ளைகளுக்கு ஏக சந்தோஷம். எங்கள் தெருவில் காதில் ஹெட்போன் மாட்டாத பையனே இப்போது இல்லை.

அந்தத் "தானாக" என்ற இடத்தில்தான் எனக்குச் சண்டை. கேட்டாலே மொழி வருமென்றால் என் தலைமுறை முழுக்க இந்தியில் வெளுத்து வாங்கியிருக்க வேண்டும். 1969-இல் வந்த 'ஆராதனா' படப் பாட்டுகளைப் பாடாத கல்லூரி விடுதி இங்கே உண்டா? இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் கோஷம் போட்டவர்கள்கூட சாயங்காலமானால் கிஷோர் குமார் மாதிரி பாடிப் பார்த்தார்கள். அப்புறம் வடக்கே போகும் ரயிலில் டி.டி.ஆர். இந்தியில் ஏதாவது கேட்டால் திருதிருவென்று விழித்தார்கள். இன்று அதே கதை கொரிய மொழியில் நடக்கிறது. பி.டி.எஸ். பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பெண்ணிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்புதான் பதில்.

அதற்காகப் பாட்டால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பாடப்புத்தகத்தால் கொடுக்க முடியாத ஒன்றைப் பாட்டு கொடுக்கும். தமிழ் பேசிப் பழகிய நாக்கு எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போகும். ஆங்கிலக்காரர்கள் ஓர் அசையை அழுத்திவிட்டு மற்றவற்றைப் பாதி விழுங்கிவிடுவார்கள். நம் பிள்ளைகள் 'கம்-ஃபோர்ட்-டே-பிள்' என்று நிறுத்தி நிதானமாகப் படிக்கிற சொல் அவர்கள் வாயில் 'கம்ஃப்டபிள்' ஆகிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம். 'ஃபோட்டோகிராஃபர்' என்றதும் அது இரண்டாவது அசைக்குத் தாவிவிடும். இதையெல்லாம் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினால், தலையை ஆட்டிவிட்டு மறுநாள் பழையபடியே படிப்பார்கள். ஒரு பாட்டைப் போட்டுக் கைதட்டிக்கொண்டே கூடப் பாடச் சொன்னால் விஷயம் வேறு. அழுத்தமான அசைகள் பெரும்பாலும் தட்டோடு சேர்ந்து விழும். நடுவில் மாட்டிக்கொண்ட 'டு', 'ஆஃப்', 'ஆண்ட்' எல்லாம் இடமில்லாமல் தாமாகச் சுருங்கும். நியூயார்க்கில் ஆங்கிலம் கற்பித்த கரோலின் கிரஹாம் என்ற அம்மையார், அன்றாடப் பேச்சு வாக்கியங்களையே ஜாஸ் தாளத்தில் சொல்லவைத்து 1978-இல் 'ஜாஸ் சான்ட்ஸ்' என்று ஒரு புத்தகமே போட்டார். பியானோ வாசிக்கத் தெரிந்தவர், அதனால் அவருக்கு அது சுலபம். நமக்குக் கைத்தட்டல் போதும்.

ஆக, உச்சரிப்பு படியவும் தொடர்கள் மனதில் நிற்கவும் பாட வேண்டும், அதுவும் வாய்விட்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, அவர்களுக்குத் துளியும் தெரியாத ஹங்கேரிய மொழியில் சில தொடர்களைக் கற்பித்தார்கள். ஒரு குழு சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தது, இன்னொன்று தாளத்தோடு சொன்னது, மூன்றாவது குழு பாடியது. 2013-இல் வெளியான முடிவின்படி, அந்தத் தொடர்களைத் திருப்பிச் சொல்வதில் பாடியவர்களே முன்னால் நின்றார்கள். மூன்று குழுவினருமே கேட்டதைத் திருப்பிச் சொன்னவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். ஹெட்போனோடு சும்மா படுத்திருந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

எந்தப் பாட்டு என்பதும் முக்கியம். கட்டுரையாளர் கொடுத்திருந்த பட்டியலில் பாதிக்கு மேல் ராப். பழகிய காதே தடுமாறும் வேகம், ஆரம்பத்தில் எதற்கு? அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1964-இல் விமான விபத்தில் இறந்தவர், இந்தியாவிலும் இலங்கையிலும் இன்றும் அவருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். நிதானமான பாட்டு, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். கார்பென்டர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன்-தங்கை ஜோடியின் பாட்டுகளும் அப்படித்தான். 1974-இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்ற 'ஆபா' குழுவினர் நால்வரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இல்லை. ஸ்வீடனிலிருந்து வந்து அவர்கள் அவ்வளவு தெளிவாகப் பாடியது நம் பிள்ளைகளுக்குத் தெம்பு தரும். இதெல்லாம் தாத்தா காலத்துப் பாட்டு என்று முகம் சுளித்தால், பி.டி.எஸ். முழுக்க ஆங்கிலத்தில் பாடிய முதல் பாட்டான 'டைனமைட்' (2020) இருக்கிறது. பாதி ஏற்கெனவே மனப்பாடம்.

இலக்கணத்தை மட்டும் பாட்டிலிருந்து எடுக்கவே கூடாது. 1979-இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக் குழு லண்டன் பள்ளிப் பிள்ளைகளையே கூட்டி வந்து பாடவைத்த பாட்டு ஒன்று உண்டு. படிப்பே வேண்டாம் என்கிறது அது. அதையும் பரீட்சையில் எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கக்கூடிய இரட்டை எதிர்மறையில், அதாவது ஒரே வாக்கியத்தில் 'டோன்ட்', 'நோ' என்று இரண்டு மறுப்புச் சொற்களைப் போட்டுச் சொல்கிறது. பாடும்போது ரசிக்கலாம், கட்டுரையில் எழுதினால் மார்க் போகும்.

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். நடனமும் உடையும் கண்ணைப் பறிக்கும் வீடியோவில் கண்தான் வேலை செய்யும், காது தூங்கிவிடும். வரிகளை மட்டும் திரையில் ஓடவிடும் லிரிக் வீடியோ மேல். யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்ளலாம். தானாக வரும் சப்டைட்டிலை நம்ப வேண்டாம், பாட்டென்றால் அது கண்டபடி உளறும். வகுப்பில் நான் செய்தது இதுதான்: வரிகளைத் தாளில் எழுதி, சின்னச் சொற்களை மட்டும் அழித்துவிட்டு, கேட்டு நிரப்பச் சொல்வேன். பெரிய சொற்களை எவனும் பிடித்துவிடுவான். 'அ' (a), 'த' (the), 'இன்', 'ஆன்' எங்கே வந்தது என்று பிடிப்பதற்குள் ஒரு பீரியட் ஓடிவிடும்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தூர்தர்ஷனின் சினிமாப் பாட்டு நிகழ்ச்சிகளில் நமக்கு 'ஒளியும் ஒலியும்' எப்படியோ, வடக்கே அப்படி இருந்தது 'சித்ரஹார்'. ஆமதாபாத் ஐ.ஐ.எம்.-இல் பேராசிரியராக இருந்த பிரிஜ் கோத்தாரி, பாட்டு எந்த மொழியோ அதே மொழியில் வரிகளைத் திரையின் அடியில் ஓடவிடும் முறையை 1999-இல் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியில் தொடங்கி, 2002-இல் 'சித்ரஹா'ருக்கும் கொண்டுபோனார். பள்ளிக்குப் போயும் சரளமாகப் படிக்க வராதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. அவர் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்தபோது ஸ்பானியப் படம் பார்க்கையில் தோன்றிய யோசனையாம். ஆங்கிலப் பாட்டு போடும் சேனல்கள் அடியில் ஆங்கில வரிகளை ஓடவிட்டால் செலவு ஒன்றும் மலையளவு ஆகிவிடாது.

உங்கள் மாணவர் இணைப்பிலும் வாரம் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளலாம். முழு வரிகளையும் அச்சிட்டால் காப்புரிமைத் தகராறு வரும். பாட்டின் பெயரும், எந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்ற நாலைந்து கேள்விகளும் போதும். சம்மதம் என்றால் முதல் மாதத்துக்கான கேள்விகளை நானே எழுதி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திண்டுக்கல்.