நீ அனுப்பிய மூன்று கடிகாரங்கள்

ஓசூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மூர்த்திக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வசந்தாவின் முட்டிவலி தேவலையா என்று எழுது. எட்டேகால் சாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். மாயவரம் பக்கம் போகும்போது என் சார்பிலும் ஒரு நடை பார்த்துவிட்டு வா.

மூன்று கடிகாரப் படங்களை அனுப்பி, கீழே ‘எது?’ என்று மட்டும் எழுதியிருந்தாய். மருந்துச் சீட்டு எழுதி எழுதி உனக்கு முழு வாக்கியமே மறந்துபோய்விட்டது. போனில் பேசலாம் என்றால், பாதியில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ‘அப்புறம் கூப்பிடறேன்டா’ என்று வைத்துவிடுவாய். அந்த ‘அப்புறம்’ எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பாவுக்கு ஒரு நல்ல குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் சேர்ந்த கைக்கடிகாரம், வாங்கித் தர வேண்டும் என்று நித்யா நினைத்தாளே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஸூரிக்கில் இருக்கிற பெண், வாசலிலேயே கடை. ஆனால் நீ தேர்ந்தெடுத்த மூன்றும் உனக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

முதல் படம் ரோலெக்ஸ் டேடோனா. அது நல்ல கடிகாரம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2000-ல் அவர்கள் சொந்தமாகச் செய்த 4130 இயந்திரத்தைப் போல ஒழுங்கான வேலைப்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. 2023-ல் வந்த 4131 அதன் வாரிசு. 72 மணி நேரம் ஓடும், 100 மீட்டர் தண்ணீர் தாங்கும். ஆனால் அந்தப் பட்டன்களைப் பார்த்தாயா? இரண்டும் திருகு போட்டவை. திருகைத் தளர்த்தினால்தான் அழுத்த முடியும். வேலை முடிந்ததும் மறுபடி இறுக்க வேண்டும். காலையிலேயே தளர்த்தி விட்டுவிட்டால் போகிறது என்பாய். ஒவ்வொரு குழந்தையைத் தொட்ட பிறகும் கை கழுவுகிறவன் நீ. பட்டன் தளர்ந்திருந்தால் அந்த 100 மீட்டர் பேச்சை நம்ப முடியாது.

உனக்கு குரோனோகிராஃப் எதற்கு என்று நீயே யோசித்தாயா என்று எனக்குச் சந்தேகம். நான் யோசித்தேன். போன மழைக்காலத்தில் பேரனைச் சளியும் இருமலுமாக உன்னிடம் தூக்கி வந்தோமே, நினைவிருக்கிறதா? அவனைக் கமலா மடியில் உட்கார வைத்து, சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினாய். கதவுக்கு மேலே மாட்டியிருக்கிற சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை, குழந்தையை ஒரு பார்வை. பாதியில் அவன் சிணுங்கினான். முள் எங்கே இருந்தபோது ஆரம்பித்தோம் என்பது உனக்கும் குழம்பி, திரும்ப முதலிலிருந்து எண்ணினாய். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது என்று எனக்கு விளக்கமும் சொன்னாய். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40, அதைத் தொட்டாலே வேகமான மூச்சு, நிமோனியாவை நினைக்க வேண்டும் என்றாய். அன்றைக்கு நான் பயந்திருந்தேன். அதனால்தான் ஒவ்வொரு எண்ணும் மனதில் நிற்கிறது.

குரோனோகிராஃப் செய்யப்பட்டதே இந்த மாதிரி வேலைக்குத்தான், மூர்த்தி. மேல் பட்டனை அழுத்தினால் நடு முள் பன்னிரண்டிலிருந்து கிளம்பும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு நிமிடம். குழந்தை நடுவில் அழுதால் நிறுத்தி, கீழ்ப் பட்டனைத் தட்டினால் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மறுபடி தொடங்கலாம். மணிக்கட்டு குழந்தையின் நெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும், தலையைத் திருப்ப வேண்டாம். டயலைச் சுற்றியுள்ள டாக்கிமீட்டர் அளவுகோல், ஒரு கிலோமீட்டரை 30 விநாடியில் கடந்தால் 120 கிலோமீட்டர் வேகம் என்று காட்டும். அது கார்ப் பந்தயக்காரனுக்கு. உனக்கு வேண்டியது தெளிவான டயலும், யோசிக்காமல் அழுத்தக்கூடிய பட்டனும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உன் இரண்டாவது படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது. ஜெனித் குரோனோமாஸ்டர் ஸ்போர்ட். இருப்பதிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அதன் இயந்திரமான எல் பிரிமேரோவைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். 1969 ஜனவரியில் அறிவித்தார்கள். தானாகச் சாவி ஏறுகிற குரோனோகிராஃபை யார் முதலில் கொண்டுவருவது என்று சுவிட்சர்லாந்திலும் ஜப்பானிலும் பெரிய போட்டி நடந்த ஆண்டு அது. மற்ற இயந்திரங்கள் மெதுவாகத் துடிக்கும்போது இது மணிக்கு 36,000 தடவை துடித்தது, அதாவது விநாடிக்குப் பத்து. பத்தில் ஒரு பங்கு விநாடியை அளக்க முடிந்தது.

அப்புறம் பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் கடிகாரம் வந்தது. ஜெனித் அப்போது ஒரு அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தது. 1975-ல் அவர்கள் இயந்திரக் கடிகாரமே வேண்டாம், கருவிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். லு லாக்ல் ஊர்த் தொழிற்சாலையில் ஷார்ல் வெர்மோ என்று ஒரு மனிதர், அதைக் கேட்கவில்லை. அச்சுகளையும் வெட்டும் கருவிகளையும் ஒவ்வொன்றாக மாடியறைக்குத் தூக்கிப்போய் ஒளித்து வைத்தார். எது எதற்கு என்று குறிப்பும் எழுதி வைத்தார். வேலை போகும் என்று தெரிந்தே செய்தார். எண்பதுகளில் மறுபடி அந்த இயந்திரம் வேண்டும் என்றபோது எல்லாம் மாடியில் பத்திரமாக இருந்தன. உன் டேடோனா இருக்கிறதே, 1988-ல் அது முதன்முதலில் ஆட்டோமேட்டிக் ஆனபோது உள்ளே வைத்தது இந்த எல் பிரிமேரோவைத்தான். துடிப்பை 28,800-ஆகக் குறைத்து, நிறைய மாற்றி, 2000 வரை அதையே வைத்திருந்தார்கள். ஓசூரில் இத்தனை வருஷம் கடிகார அசெம்ப்ளியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு தொழிற்சாலையில் அச்சைக் காப்பாற்றுகிறவன்தான் அந்தத் தொழிலைக் காப்பாற்றுகிறான். வெர்மோவை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

ஆனால் உனக்கு அது வேண்டாம். குரோனோமாஸ்டர் ஸ்போர்ட்டில் நடு முள் பத்து விநாடிக்கு ஒரு சுற்று சுற்றிவிடும். ஒரு நிமிடம் எண்ண வேண்டுமென்றால் ஆறு சுற்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் சின்ன டயலைத் தேட வேண்டும். மூச்சையும் எண்ணி, முள்ளின் சுற்றையும் எண்ணினால் இரண்டும் தப்பும்.

மூன்றாவது, பிரைட்லிங் நாவிடைமர். 1952-லிருந்து விமானிகளுக்குப் பிடித்தது. டயலைச் சுற்றிக் கணக்குப் போடும் ஸ்லைட் ரூல். அந்தப் பொடி எண்களை நம் வயதில் எந்தக் கண்ணாடி போட்டுப் படிப்பது? 30 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பி நாள் முழுக்கக் குழாயடியில் நிற்க முடியாது. அதோடு விட்டுவிடுவோம்.

இதற்கு நடுவில் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம். கோபாலின் பையன் வந்திருந்தான். லாக்கரைத் திறந்தபோது அப்பாவின் தங்கக் கடிகாரம் இருந்ததாம், ஓடவில்லை, பார்க்க முடியுமா என்று கொண்டுவந்தான். கோபால் விருப்ப ஓய்வுப் பணத்தில் வாங்கினானே, அதுதான். திருப்பிப் பார்த்தேன். பின்மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட கோபால் உரிக்கவில்லை. பெண் கல்யாணத்துக்குக்கூடக் கட்டவில்லை, கூட்டத்தில் போய்விடுமோ என்று பயந்தான். உள்ளே திறந்தால் எண்ணெய் காய்ந்து பிசினாகக் கிடந்தது. தேய்மானம் என்று எதுவுமே இல்லை. ஓடாத கடிகாரத்தில் எது தேயும்? கழுவி, எண்ணெய் போட்டு ஓட வைத்துக் கொடுத்தேன். ‘ஆபீஸுக்குக் கட்டிக்கோடா’ என்றேன். ‘பயமா இருக்கு மாமா’ என்றான். கோபாலின் பயம் அப்படியே பையனுக்கும் வந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் உன்மேல் எனக்குக் கவலை. பத்தாவதில் பரிசாக வந்த பார்க்கர் பேனாவை இன்னும் டப்பாவிலேயே வைத்திருக்கிறவன் நீ. டேடோனா வாங்கினால் முதல் வாரம் கட்டுவாய். யாராவது ‘டாக்டர், இது எவ்வளவு?’ என்று கேட்பார்கள். வெளியே மறுவிற்பனையில் கம்பெனி விலைக்கும் மேலே போகிறது என்று அதே ஆள் சொல்வார். இரண்டாவது வாரம் அது பேங்க் லாக்கரில் இருக்கும். நித்யா தன் சம்பளத்தில் வாங்கித் தருவது லாக்கருக்காகவா?

சரி, என்ன வாங்கலாம் என்று சொல்கிறேன். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், ஹெசலைட் கண்ணாடி, ஸ்டீல் செயின். கறுப்பு டயல், வெள்ளை முள். நடு முள் ஒரு நிமிடத்துக்கு ஒரு சுற்று. பட்டன்களில் திருகு இல்லை. 1957-ல் வந்த வடிவம் பெரிதாக மாறவே இல்லை. நாஸா 1965 மார்ச்சில் விண்வெளி வீரர்களுக்காக இதைத் தேர்ந்தெடுத்தபோது நடத்திய சோதனைகளில் ஒன்று, 95 சதவீத ஈரப்பதத்தில் 240 மணி நேரம். நாகப்பட்டினத்துப் புழுக்கத்துக்கு அது போதும். 1970-ல் அப்பல்லோ 13 பழுதாகித் திரும்பி வந்தபோது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடி எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை ஜாக் ஸ்விகர்ட் அளந்தது இந்தக் கடிகாரத்தில்தான். உயிர் காக்கும் எண்ணிக்கைக்குப் பழகிய கடிகாரம், உன் கையில் இருக்க வேண்டியதுதான்.

ஹெசலைட் என்பது பிளாஸ்டிக் கண்ணாடி. சஃபையர் போட்டதும் கிடைக்கும், விலை கூட, கீறல் விழாது. ஆனால் சஃபையர் உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். ஹெசலைட் விரிசல் விட்டாலும் தூளாகாது. கைக்குழந்தைகள் பிடித்து இழுத்து வாயில் வைக்கிற மணிக்கட்டு உன்னுடையது. கீறல் விழுந்தால் பாலிஷ் பேஸ்ட்டால் ஐந்து நிமிடம் தேய்த்தால் போய்விடும், ஓசூர் வரும்போது நானே தேய்த்துத் தருகிறேன். தோல் ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம், வியர்வையிலும் சோப்புத் தண்ணீரிலும் நாறிவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தேதி கிடையாது. உன் சீட்டில் தேதியைக் கம்ப்யூட்டரே போடுகிறது, அதனால் நஷ்டமில்லை. 50 மீட்டர்தான் தாங்கும். கை கழுவலாம், குளத்தில் குதிக்காதே, தண்ணீருக்குள் பட்டனை அழுத்தாதே. தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும். இப்போதைய 3861 இயந்திரம் 50 மணி நேரம் ஓடும், சனி இரவு கழற்றி வைத்தாலும் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். காபி குடிக்கும்போது சாவி கொடுக்கிற பழக்கம் உனக்குப் பிடித்துப்போகும். 15,000 காஸ் (காந்தப் புலத்தின் அளவு) காந்தமும் தாங்கும். போன் கவர், ஸ்பீக்கர் என்று எங்கும் காந்தம் இருக்கிற காலத்தில் இது பெரிய விஷயம். என்னிடம் ‘ஃபாஸ்ட்டா ஓடுது’ என்று வருகிற கடிகாரங்களில் பாதிக்குமேல் காந்தம் ஏறியவைதான். ஐந்திலிருந்து எட்டு ஆண்டுக்குள் ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கி வை. ஐந்து ஆண்டு வாரண்டி உண்டு.

சாவி கொடுக்கவே முடியாது என்று அடம்பிடித்தால், டாக் ஹாயரின் காரெரா 39 மில்லிமீட்டர் ஒன்று 2023-ல் வந்தது. ஆட்டோமேட்டிக், 80 மணி நேரம் ஓடும், 100 மீட்டர், தேதியும் உண்டு. அதிலும் பட்டனில் திருகு இல்லை. அதை வாங்கினாலும் எனக்கு மனம் நிறையும்.

எங்கே வாங்குவது என்பதில் நித்யாவை அவசரப்பட வேண்டாம் என்று சொல். சுவிஸில் 8.1 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) திரும்பக் கிடைப்பது வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான், அவளுக்குக் கிடைக்காது. இங்கே கொண்டுவரும்போது சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். கையில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 2025 அக்டோபரில் அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி சுவிஸ் கடிகாரங்களின் இறக்குமதி வரி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும், அதனால் சென்னையில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். பத்து லட்சத்துக்கு மேல் போனால் கடையிலேயே 1 சதவீதம் டிசிஎஸ் என்று, விற்கும்போதே வசூலிக்கிற வருமான வரி பிடிப்பார்கள். நான் சொல்கிற கடிகாரம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான்.

இப்போது உன் வேலை ஒன்று. ஒரு காகிதத் துண்டை மணிக்கட்டைச் சுற்றி வைத்து, அளவை மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. உன்னுடையது முருங்கைக்காய்க் கை. 42 மில்லிமீட்டர் கேஸ் மேலிருந்து கீழ் வரை 48-க்குள் இருக்கும், உட்காரும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அளந்து பார்க்காமல் நித்யாவிடம் சொல்ல மாட்டேன். செயினில் எத்தனை கண்ணி எடுக்க வேண்டும் என்பதையும் அதை வைத்துத்தான் சொல்ல முடியும். வசந்தாவை அளக்கச் சொல், நீ அளந்தால் தப்பாக அளப்பாய்.

அன்புடன்,
ராஜாமணி