எங்களையும் வேறு வையுங்கள்

நகரத்தாராகிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் குலக்கோயில்களான ஒன்பது கோயில் காரியக்காரர்களுக்கும், ஊர்தோறும் இயங்கும் நகரத்தார் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரன். தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல், சக்கர நாற்காலியில் நடமாடுகிறவன். நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். நன்கொடை கேட்டு இதை எழுதவில்லை. கொடுப்பதைப் பற்றி நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஒரு வழக்கத்தை எங்களுக்கும் நடத்திக் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

வேறு வைப்பதைத்தான் சொல்கிறேன். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் குடியமர்த்துவது நம் வழக்கம். வளவு எனும் நடுமுற்றத்தை ஒட்டி ஓர் அறை, வீட்டின் பின்பகுதியான பின்கட்டில் ஓர் அடுப்பு, வருஷத்துக்கான அரிசி, புளி, மிளகாய், கைச்செலவுக்கு இன்ன தொகை என்று ஒரு திட்டம். அதற்குப் பிறகு அவன் கணக்கு அவனுக்கு. கணவனை இழந்த தாயார்கூடத் தனியாக உலை வைத்த வீடுகள் உண்டு. ஒரே கூரைக்குக் கீழே இத்தனை அடுப்பா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒருவனைக் கைவிடாமலே அவன் பொறுப்பை அவனிடம் ஒப்படைக்கலாம் என்பதை நம் முன்னோர் அந்த அடுப்புகளை வைத்தே நடத்திக் காட்டினார்கள். அரிசி அப்பச்சி, அதாவது அப்பா, கொடுத்தது. பாத்திரம் ஆத்தா கொடுத்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த அறையிலிருந்து அப்பத்தா ஓடிவருவார். ஆனாலும் இன்றைக்கு என்ன குழம்பு என்பதை அந்த இரண்டு பேர்தான் முடிவு செய்தார்கள்.

மாற்றுத்திறனாளிகள் கேட்கும் சுயமான வாழ்க்கை இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தவர். மூச்சு விடவே இயந்திரத்தின் துணை வேண்டியிருந்தது. அவரும் நண்பர்களும் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1972-இல் சுயவாழ்வுக்கான மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். உதவியாளர் தேடித் தருவது, ஏறி இறங்கத் தோதான வீடு பார்த்துக் கொடுப்பது, சக்கர நாற்காலியைப் பழுது பார்ப்பது என்று எல்லாமே கைவேலை போன்ற காரியங்கள்தான். நடத்தியவர்களே மாற்றுத்திறனாளிகள். குளிப்பாட்டிவிட ஆள் வேண்டியவன் எப்படிச் சுயமாக வாழ்கிறவன் ஆவான் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எப்போது குளிப்பது, யார் குளிப்பாட்டுவது என்று அவன் சொல்லி அது நடந்தால், ஆவான்.

சட்டமும் இதையே சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 19-ஆவது கூறு இதற்கென்றே உள்ளது. இந்தியா 2007-இல் அதை உறுதிசெய்தது. நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் ஐந்தாவது பிரிவின்படி எங்களுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு; இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அப்படி வாழ்வதற்கான உதவியையும், தனிப்பட்ட உதவியாளரையும்கூட, அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. ஆனால் சட்டப் புத்தகம் காலை ஐந்தரை மணிக்கு வந்து யாரையும் கட்டிலிலிருந்து எழுப்பிவிடாது.

அந்த ஐந்தரை மணியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உதவிக்கு வரும் தம்பி பின்வாசல் வழியாக வருவார். முதல் வேலை, என்னைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. உணர்வற்ற இடத்தில் புண் வந்தால் வலி சொல்லாது; கண்தான் சொல்ல வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துவிட்டு மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அன்று நாற்காலியில் உட்காரக் கூடாது. பிறகு சிறுநீர்க் குழாய், மலம், குளியல், ஈரம் தங்காமல் துடைப்பது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வழவழப்பான பலகை ஒன்றைப் பாலமாகப் போட்டு நகர்ந்து உட்காருகிறேன். ஏழரைக்குக் கணக்குப் புத்தகம் திறந்துவிடும். அதற்குப் பிறகு இரவு வரை எனக்கு ஆள் வேண்டாம். அந்தத் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் மட்டும், எந்தக் கணக்குக்கு எந்தக் கெடு இருந்தாலும், அன்று முழுவதும் நான் படுக்கையில்தான்.

என் சுதந்திரம் தொங்கிக்கொண்டிருப்பது அந்த ஒற்றை ஆளில். நான் உங்களிடம் முதலில் கேட்பது இதற்கான ஏற்பாடு. ஊருக்கு இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, முறையாகப் பயிற்சி கொடுத்து, சங்கத்திலிருந்து மாதச் சம்பளம் கொடுங்கள். காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று அவர்கள் சுற்றிவரட்டும். பெண்களுக்குப் பெண்களே வர வேண்டும். வசதி உள்ளவர்கள் சங்கத்துக்குக் கட்டணம் கட்டுவோம். இல்லாதவர்களுக்குச் சங்கம் ஏற்கட்டும். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதை வைத்துத் தினமும் ஆள் அமர்த்த முடியாது என்பது வட்டிக் கணக்கில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கடுக்காக ஆள் வைத்து, ஒருவர் ஊர் திரும்பினால் இன்னொருவர் பெட்டியடியில் உட்காரும்படி கடை நடத்தியவர்கள் நாம். நாலு பேருக்கு மாற்றாள் ஏற்பாடு செய்வது நமக்கு ஒரு வேலையா?

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நம் வகுப்பார் அல்லர். அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம், வாராந்தர விடுப்பு, பண்டிகை விடுப்பு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் வீடுகளிலும் மாற்றுத்திறனாளிகள் உண்டு. நம் பிள்ளைகளை மட்டும் கவனித்துவிட்டு அவர்கள் பிள்ளைகளைக் குடிசையில் விட்டுவரச் சொல்லும் ஏற்பாடு எனக்கு வேண்டாம். ஊர்ப் பொதுவாக இருக்கட்டும். காரைக்குடியின் பெயரை வெளியில் கொண்டுபோன வள்ளல் அழகப்பர் கல்லூரி கட்டியபோது வாசலில் நின்று வகுப்பு கேட்கவில்லை. அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்திலேயே சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்கும் துறை இருக்கிறது. பயிற்சிக்கு அங்கேயே போய்க் கேட்கலாம்.

அடுத்தது வீடு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சக்கர நாற்காலி தள்ளாமலே ஓடும், அவ்வளவு வழவழப்பு. ஆனால் கட்டுக்குக் கட்டு நிலைப்படி. முகப்புக்கும் வளவுக்கும் நடுவே ஒன்று, வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே ஒன்று, அறைக்கு அறை ஒன்று. தெருவாசலில் திண்ணை உயரம் மூன்றடி என்றால், ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கில் 36 அடிச் சாய்தளம் வேண்டும். அதை முன்வாசலில் கட்டினால் வீட்டு அழகு போய்விடும் என்று பங்காளிகள் பதறுவார்கள். பதறுவதில் எனக்கும் சம்மதம்தான். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகின்றன. பின்வாசல் பல வீடுகளில் தாழ்வாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் சின்னச் சாய்தளம் ஒன்றும், பின்கட்டில் அகலக் கதவுள்ள கழிப்பறை ஒன்றும் போதும். தேக்கையும் தூணையும் தொட வேண்டாம்.

பெரிய வீட்டில் எத்தனையோ பங்கு; சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். கையெழுத்துப் போட எல்லாரும் ஒன்றுசேர்வதற்குள் ஓடு சரிந்துவிடுகிறது. சில வீடுகள் விடுதிகளாகி, ஒவ்வோர் அறைக்கும் மேல்நாட்டுக் கழிப்பறை வந்துவிட்டது. வெளிநாட்டு விருந்தாளிக்காக இடிக்க முடிந்த சுவர், வீட்டுப் பிள்ளைக்காக மட்டும் எப்படிப் பாரம்பரியம் ஆகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஊருக்கு ஒன்றையாவது, இரண்டாம் கட்டை மட்டுமாவது, வாடகை ஒப்பந்தம் எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். மூன்று நான்கு பேர் ஆளுக்கு ஓர் அறையாக இருந்துகொள்வோம். சென்னையில் 1993-இல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலம் கழித்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் நாலைந்து பேராகக் குடியமர்த்தி, துணைக்கு உதவியாளரையும் வைக்கிறது. அவர்கள் கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். வாடகை வீட்டில் அது நடக்கும்போது நம் பின்கட்டில் நடக்காதா?

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்கு அடுத்த மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். ஒவ்வொருவரையும் யாரோ ஒரு வீட்டார்தான் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்த வீட்டார் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. காலையில் வந்து உதவ ஓர் ஆள் இல்லாத வீடுகள் அவை.

நம் வீடுகளில் சங்கிலி இல்லை. ஆனால் பெண் பார்க்க வருகிற நாளில் தம்பியை இரண்டாம் கட்டுக்குப் பின்னே அனுப்பிக் கதவைச் சாத்துகிற வழக்கம் இருக்கிறது. அக்காவின் சம்பந்தம் கெட்டுவிடுமாம். மூளை வளர்ச்சி குன்றிய பெண் ஒருத்தி, முகப்பில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து சாத்திய கதவருகே போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் காப்பி உள்ளே வந்தது, பலகாரமும் வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

இதன் வேர் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. கோயில் கணக்கில் தனிக் குடும்பமாக எழுதப்படுவதுதான் புள்ளி. கல்யாணம் ஆனால்தான் புள்ளி. புள்ளிக்குத்தான் வரி, புள்ளிக்குத்தான் கோயில் மரியாதை. நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் அன்று கண்ணுடையநாயகி அம்மன் சந்நிதி முன்னே புள்ளிக்கு ஒரு பானை என்று வரிசையாக அடுப்பு எரியும். முதல் பானை யாருடையது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். நாற்பது வயதானாலும் கல்யாணம் ஆகாத மாற்றுத்திறனாளி அந்தச் சீட்டில் இல்லை. அப்பச்சி புள்ளியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். கல்யாணமே செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்துகொள்கிறவர்கள் உண்டு, செய்யட்டும். மற்றவர்கள் என்ன ஆவது? வயது வந்து, தனிக் கணக்கு வைத்து வாழ்கிற எவரையும், ஆணோ பெண்ணோ, புள்ளியாக எழுதுவதென்று ஒன்பது கோயிலும் கூடி முடிவெடுக்க முடியும். வரி கட்டத் தயாராக இருக்கிறோம். வரி கட்டுகிறேன் என்று வலிய வருகிற ஆளை வேறு எங்கே பார்க்கப்போகிறீர்கள்!

சொத்து விஷயத்தையும் விட்டுவிட முடியாது. பாகப்பிரிவினையில் எங்கள் பங்கை அண்ணன் பெயரில் எழுதி, ‘பார்த்துக்கொள்வான்’ என்று வாய்வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். பார்த்துக்கொள்கிற அண்ணன்களும் உண்டு. 2016 சட்டத்தின் பதின்மூன்றாவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் எங்களுக்குச் சம உரிமை என்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழு காப்பாளரை நியமிக்கிறது. 1937-இல் ஒரே நாளில் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் வங்கி திறந்த சமூகம் நாம். வீட்டுப் பிள்ளை பெயரில் ஒரு கணக்கும் ஒரு பங்கும் எழுதுவதற்குத் தயங்குகிறோம்.

கோயில் திருப்பணி பற்றி ஒரு வரி. படியை ஒட்டிச் சாய்தளம் கட்ட ஏற்ற நேரம் குடமுழுக்குக்கு முந்தைய வேலைக் காலம்தான். ஸ்தபதி கல்லிலேயே அழகாகச் செய்துகொடுப்பார். அடுத்த மதிப்பீட்டுப் பட்டியலில் அதையும் சேருங்கள். யாத்திரைத் தலங்களில் நம்மவர் நடத்தும் நகர விடுதிகளிலும் தரைத்தளத்தில் அகலக் கதவுள்ள அறை ஒன்று வேண்டும்.

பிறந்தநாளுக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் இல்லங்களுக்குச் சாப்பாடு போடுகிறீர்கள், போட்டோவும் எடுக்கிறீர்கள். சாப்பாடு ருசியாகவே இருக்கும், நம் வீட்டுச் சமையல் ஆயிற்றே. அந்தச் செலவில் பாதியை உதவியாளர் சம்பள நிதியில் போட்டால், போட்டோ இல்லாவிட்டாலும் ஒருவர் மாதம் முழுக்கத் தன் வீட்டில் தானே சமைத்துச் சாப்பிடுவார்.

முடியுமா என்று தயங்குகிறவர்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி வரை போய்வாருங்கள். கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அந்தச் சின்ன ஊரில் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று சுற்று வட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் போய் வேலை செய்கிறது. அரசும் சும்மா இல்லை. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டசபை வழிசெய்தது. ஊராட்சியில் எங்களுக்கு நாற்காலி கிடைக்கப்போகிறது. ஊர்ச் சங்கத்தில் இன்னும் இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் இவற்றைப் பொருளாக வையுங்கள். உதவியாளர் நிதி, பின்கட்டு ஒப்பந்தம், புள்ளிப் பதிவு மூன்றுக்கும் நான் வரவு செலவுத் திட்டம் எழுதித் தருகிறேன். அது என் தொழில். நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். ஒரே ஒரு முன்னேற்பாடு போதும்: சங்கக் கூட்டம் என்றால் மண்டபத்தின் மாடியைத்தான் எடுக்கிறீர்கள், லிப்ட் கிடையாது. இந்த முறை கீழ்த்தளத்தை எடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் புள்ளி ஆகாத ஒரு பங்காளி