ஐயாக்களின் பேரேடு வகுப்பறைக்கு வர இன்னும் 57,000 ரூபாய் குறைகிறது

உ
கற்பக விநாயகர் துணை

நகரத்தார் பெருமக்களுக்கும் ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்கப் (வட்டிக்கடையும் வணிகமும் நடத்தப்) போன நம் ஐயாக்கள் (பாட்டன்மார்) தினமும் குறிப்பு எழுதி, பேரேட்டில் (கணக்குப் புத்தகத்தில்) ஏற்றி, ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) கட்டி ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பேரேடுகளும் உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு), சம்பளச் சீட்டு (ஏஜெண்டோடு எழுதிய வேலை ஒப்பந்தம்), இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்), மொய் ஏடுகளும் இன்றும் நம் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததை மனப்பாடம் செய்யும் பிள்ளை, அந்த ஆண்டோடு நின்றுபோன ஒரு பேரேட்டைப் பார்த்தால் தானாகவே கேள்வி கேட்கும்.

அதனால் இந்த ஏடுகளை ஸ்கேன் செய்து, நகல்களைப் பள்ளி வகுப்பறைகளுக்குக் கொடுக்கிறோம். மூலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. நான்கு பேருக்கு ஒரு நகல். யார் எழுதியது, யாருக்கு, எதற்கு, எதை எழுதாமல் விட்டார் என்று அவர்களே தேட வேண்டும். ஆசிரியர் முந்திக்கொண்டு விளக்கினால் வகுப்பு கெட்டது. ஐயாக்களிடம் கடன்பட்ட பர்மிய விவசாயியின் தரப்பு பேரேட்டில் இராது. அதற்காக 1929–30 பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கையின் பக்கங்களையும் சேர்க்கிறோம். ௵, ௴, ௳, ௹ (ஆண்டு, மாதம், நாள், ரூபாய்) குறிகளுக்கும், வீசம் (1/16) போன்ற பின்னங்களுக்கும் விளக்க அட்டை உண்டு. அதிகம் தவறுவது ஆண்டில்தான்: தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், சித்திரபானு என்றால் 1882ஆகவும் இருக்கலாம், 1942ஆகவும் இருக்கலாம். ஊர், நாணயம், சரக்கு இவற்றைப் பார்த்தே முடிவு கட்ட வேண்டும்.

செலவு: 20 பள்ளிகளுக்கு 2,400 நகல், தாளுக்கு 30 வீதம் 72,000. பெட்டிகள் 9,000. ஸ்கேனர் வாடகை ஆளோடு 6 நாளைக்கு 24,000. ஆசிரியர் பயிற்சி 24,000. தூசி தட்ட, அமிலமற்ற உறை வாங்க 16,000. மொத்தம் 1,45,000 ரூபாய். வந்தது 88,000.

பெட்டியைத் திறந்து ஏடு தந்த வளவுகளுக்கும் (வீட்டாருக்கும்), ஒன்றுவிடாமல் படித்துக் காட்டிய ஆச்சிமாருக்கும், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அனுப்பிய உறவுகளுக்கும், கூலி வாங்காமல் அச்சுக் கோத்துத் தந்த அச்சகத்தாருக்கும், சிறுசேமிப்பைத் தந்த பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி என்றைக்கும் உண்டு. உங்கள் தருமம் உங்கள் குலத்தைக் காக்கும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐயாக்கள் லாபத்தை எண்ணுமுன் மகமையை (தருமத்துக்கு ஒதுக்கும் பங்கை) எடுத்துவைத்தார்கள். அதே பேரேட்டில் அந்தக் கணக்கும் இருக்கிறது. அந்தப் பேரேட்டை நாம் எடைக்குப் போடுவது தகுமா?

புள்ளிக்கு (மணமான ஒரு குடும்பத்துக்கு) 500 ரூபாய் கேட்கிறோம். கூடுதலாகத் தருவது உங்கள் மனம். ஜூனில் பள்ளி திறக்கிறது, அச்சுக்கு இரண்டு வாரம் வேண்டும். ஆகவே மே 15க்குள் குழுவினரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ஏடு தருபவர்கள் கிழிசலில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம்; பசை மையில் இறங்கினால் பிறகு எடுக்க முடியாது. வெள்ளைத் துணியில் சுற்றி அப்படியே தாருங்கள். ஸ்கேன் முடிந்ததும் மூலம் உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.

இப்படிக்கு,
ஆவண வகுப்புக் குழுவினர்,
காரைக்குடி வட்டாரம்