பன்னிரண்டு சுருட்டும் ஆறு மணி நேரமும்

அன்புள்ள மருமகளே,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "பழைய அறிவியல் கதைகளில் பெண்களுக்கு வீரிட்டு அலறுவதும் மயங்கி விழுவதும்தான் வேலை, அத்தை." அட்டைப் படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பச்சை ராட்சசன், அவன் தோளில் துவண்டு கிடக்கும் ஒரு பெண். அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பாத்திரம் குவிந்து கிடந்தது. இப்போது நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். அதற்கு உன் அப்பாவும் ஒரு காரணம். அது கடைசியில்.

1905-இல் சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் 'சுல்தானாவின் கனவு' என்றொரு கதை வந்தது. எழுதியவர் வங்காளத்து ரொகேயா சகாவத் ஹுசைன். பர்தாவுக்குள் வளர்ந்தவர்; அண்ணனிடம் ஆங்கிலம் கற்றவர். பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்த கணவர் வெளியூர் போயிருந்தபோது பொழுது போகாமல் எழுதினாராம். திரும்பி வந்த கணவர் நின்றவாக்கிலேயே படித்து முடித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்!" என்றார்.

கதை நடக்கும் நாட்டைப் பெண்ணாடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆண்கள் வீட்டுக்குள் சமைக்கிறார்கள், குழந்தை பார்க்கிறார்கள். அடுப்பில் புகையும் இல்லை, கரியும் இல்லை. எல்லாம் சூரிய வெப்பம். பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று வானத்திலிருந்து தண்ணீரை இறக்குகிறது, மற்றொன்று வெயிலைச் சேமித்துவைக்கிறது. ஆண்கள் வீட்டுக்குள் போவதற்கு முந்தைய கதை இது: படைபலம் பெருக்கிக்கொண்டிருந்த அவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு போர் வந்தது, அவர்கள் தோற்றார்கள். பெண்கள் வெளியே வர வேண்டும், நீங்கள் கொஞ்சம் உள்ளே போங்கள் என்றதும், களைத்துப்போயிருந்தவர்கள் பேசாமல் அந்தப்புரத்துக்குள் போய்விட்டார்கள். இரண்டாயிரம் மாணவிகளோடு போர்க்களத்துக்குப் போன பல்கலைக்கழகத் தலைவி, சேர்த்துவைத்த வெயிலை எதிரிமேல் திருப்பினாள். போர் முடிந்தது. ஆண்கள் திரும்ப வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. கனவு காணும் சுல்தானாவுக்கு வழிகாட்டியாக வரும் சாரா கொஞ்சம் வினா-விடைப் புத்தகம்போலப் பேசுகிறாள். ஆனால் அந்தத் தலைவிக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது, கவனித்தாயா? இவளுக்கு எப்படி இவ்வளவு திறமை வந்தது என்று ரொகேயா ஒரு வரிகூட விளக்கவில்லை. இன்றைய கதைகளில் கெட்டிக்காரப் பெண் வந்தால் கூடவே ஒரு சோகமான இளமைக்காலமும் வந்துவிடுகிறது. எனக்கு அது அலுத்துவிட்டது.

அதே காரணத்துக்காகத்தான் அமெரிக்க அறிவியல் கதை எழுத்தாளர் ஜேம்ஸ் ஷ்மிட்ஸின் நாயகி டெல்சி ஆம்பர்டனையும் பிடிக்கும். 1962-இல் அவள் அறிமுகமான 'நாவிஸ்' கதையில் வயது பதினைந்து, சட்டக்கல்லூரி மாணவி. அவள் வளர்க்கும் பெரிய பூனையை மிருகக்காட்சிசாலைக்குத் தள்ளிவிட ஒருத்தி திட்டம் போடுகிறாள். அந்தப் பூனைகளோ மனத்தோடு மனம் பேசும் அறிவுள்ள இனம். மனிதர்கள் அவற்றை வேட்டையாடிக்கொண்டிருக்கிறார்கள். டெல்சி துப்பாக்கி தேடவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவே உட்கார்ந்து, வக்கீலைப்போல வாதாடி வழி பண்ணுகிறாள். வில்லி ஓர் 'ஆன்ட்டி' என்பதை மட்டும் மறைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு சௌகரியம், அத்தையா சித்தியா என்று யாரும் கேட்பதில்லை. நான் சித்தி என்றே படித்துக்கொண்டேன்.

இப்போது உன் அப்பா. பெண்ணாட்டுப் பெண்கள் எல்லா வேலையையும் நாளுக்கு இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். எப்படி என்று சுல்தானா கேட்க, சாரா கணக்குப் போடுகிறாள்: ஒரு சுருட்டு எரிந்து தீர அரை மணி, ஒருவன் நாளைக்குப் பன்னிரண்டு பிடித்தால் ஆறு மணி நேரம் புகையாகப் போகிறது. சுருட்டுக்கான 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு' போய்ச் சேர்ந்ததுதான்.

இந்தப் பத்தியை மட்டும் என் தம்பிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. "நான்தான் சுருட்டே தொடுவதில்லையே" என்பான். ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும் நேரத்தில் அவன் கையில் என்ன இருந்தது என்று கேள்.

அன்புடன்,
அத்தை