‘உடைச்சுப் போட்டுக்கோங்க’ என்று சொல்வதற்கு முன்: வடசென்னை மருந்துக்கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர், மணலி வரை மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், கவுண்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். இதே வேலையில் இருக்கும் மருந்தாளுநர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

“இவ்ளோ பெரிய மாத்திரை, தொண்டையில மாட்டிக்குதுப்பா” என்று ஒரு அம்மா அட்டையை நீட்டினால் நம் எல்லோரிடமும் ஒரே பதில்தான் தயாராக இருக்கிறது: “ரெண்டா உடைச்சுப் போட்டுக்கோங்க.” அந்தப் பதில் சில மாத்திரைகளுக்குச் சரி. சிலவற்றில் மருந்தே வீணாகிவிடும். இன்னும் சிலவற்றில் ஆளையே சாய்த்துவிடும். அட்டையைப் புரட்டி, பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை.

முதலில் அந்த அம்மா சொல்வதை நம்புங்கள். அது சாக்கு அல்ல. எட்டு மில்லிமீட்டர் விட்டத்தைத் தாண்டினாலே முழுங்கக் கஷ்டம் என்ற புகார் கூடுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாத்திரையின் நீளம் 22 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மருந்துக் கம்பெனிகளுக்குச் சொன்னது. நாம் தினமும் எடுத்துக் கொடுக்கிற பெரிய சர்க்கரை மாத்திரைகள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறவை.

அந்தச் சர்க்கரை மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். மெட்ஃபார்மினில் மருந்தே 500 அல்லது 1000 மில்லிகிராம். பெயரோடு எஸ்.ஆர். (மெதுவாகக் கரைவது) என்று சேர்ந்தால் அதற்கு மேல் பாலிமர் பொடியும் உண்டு, அதனால்தான் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. தண்ணீரில் போட்ட சப்ஜா விதையைப் போல அந்தப் பாலிமர் வயிற்றுக்குள் ஊறிக் கூழாகி, மருந்தைப் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மாத்திரையைப் பொடித்தால் அந்த வேலை போச்சு. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும், வயிறு கலங்கும், வாந்தி வரும், பேதியாகும். இரவில் போட்ட மருந்து விடியும் வரை தாங்காது. “இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல” என்று அவரே நிறுத்திவிடுவார், கூடிய சர்க்கரைக்கு யாரும் காரணம் தேட மாட்டார்கள். இவருக்குச் சரியான பதில் உடைப்பது அல்ல. எஸ்.ஆர். இல்லாத சாதா மெட்ஃபார்மினைப் பிரித்து இரண்டு மூன்று வேளையாகத் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்வதுதான். சாதா மாத்திரையை உடைக்கலாம், கசக்கும், அவ்வளவுதான்.

இதில் இன்னொன்று. எஸ்.ஆர். போடுகிறவர்களில் சிலர், மலத்தில் மாத்திரை முழுசாக வந்துவிட்டது என்று பயந்துபோய் வருவார்கள். வருவது மருந்து இறங்கிய பிறகு மிஞ்சிய வெறும் கூடு. இதை யாரும் சொல்லாததால், அடுத்த நாளிலிருந்து அவர்களே பொடித்துப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை பெரும்பாலும் இரண்டு நிறத்தில், இரண்டு அடுக்காக இருக்கும். ஒரு அடுக்கு உடனே கரைவது, மற்றது மெதுவாகக் கரைவது. இதை உடைத்துக் காலையில் பாதி, ராத்திரி பாதி என்று போடுகிறவர்கள் உண்டு. எந்தப் பாதியில் எவ்வளவு கிளிமிபிரைடு போயிற்று என்று சொல்லவே முடியாது. சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடக் கூடியது அந்தக் கிளிமிபிரைடுதான்.

பிரஷருக்கு வரும் நிஃபெடிபைன் ரிட்டார்டு இன்னும் மோசம். பொடித்துக் கொடுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். வயதானவர் எழுந்து நிற்கும்போதே மயங்கி விழுவார், இதயத்துக்கும் மூளைக்கும் இரத்தம் போதாமல் போகலாம். வலிக்கான டிராமடால் எஸ்.ஆர்., இளைப்புக்கான தியோஃபிலின் எஸ்.ஆர்., பொட்டாசியம் குளோரைடு எஸ்.ஆர். எல்லாவற்றுக்கும் இதே கதைதான்: பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

அடுத்தது, குடலில் போய்க் கரைய வேண்டிய மாத்திரைகள். பாண்டோபிரசோல் 40 சின்னதுதான், ஆனாலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டில் அதையும் நசுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அமிலத்தைக் குறைக்க வந்த மருந்தை அமிலமே அழித்துவிடும், மேலே இருக்கும் பூச்சுதான் அதற்குக் காவல். ஆஸ்பிரின் 75-இன் பூச்சு இரைப்பையின் உள்தோலைக் காக்க இருப்பது. (மாரடைப்பு என்று சந்தேகம் வரும்போது ஆஸ்பிரினை மென்று முழுங்கச் சொல்வது வேறு விஷயம். அங்கே வேகம்தான் முக்கியம், அதை டாக்டரோ 108-இல் இருப்பவரோ சொல்ல வேண்டும்.) வலிக்கான டைக்ளோஃபெனாக், வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரைகளிலும் இப்படிப் பூச்சு போட்டவை நிறைய. பளபளப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, சாதா பூச்சும் அப்படித்தான் மின்னும். அட்டையில் ‘காஸ்ட்ரோ ரெசிஸ்டென்ட்’, ‘என்டெரிக் கோட்டட்’ என்றோ, ஜி.ஆர்., இ.சி., டி.ஆர். என்றோ இருக்கிறதா என்று படிக்கத்தான் வேண்டும்.

மெதுவாகக் கரைகிறவற்றுக்கு எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., எம்.ஆர்., பி.ஆர்., ரிட்டார்டு என்று கம்பெனிக்கு ஒரு பெயர். ஓ.டி. (நாளைக்கு ஒருமுறை) என்று கண்டாலும் ஒரு நிமிடம் நின்று உள்ளே படியுங்கள். மாறாக டி.டி. என்றிருந்தால் அது தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டியது, எம்.டி. வாயிலேயே கரைவது. குழந்தையின் பேதிக்குக் கொடுக்கும் ஜிங்க் 20 டி.டி. மாத்திரையை முழுசாக முழுங்க வைக்கப் போராடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும் என்று நாம் சொல்லியிருந்தால் அந்தப் போராட்டமே இல்லை.

நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாம் என்பது பொதுவாக உண்மை, ஆனால் அதுவே முழு அனுமதி ஆகாது. பிரஷருக்கான மெட்டோபிரோலால் சக்சினேட் இ.ஆர்., எக்ஸ்.எல். மாத்திரைகளில், உள்ளே ஒவ்வொரு குருணைக்கும் தனிப் பூச்சு போட்டுச் செய்தவை உண்டு. கோடு போட்டு வரும் அவற்றைக் கோட்டில் பாதியாக்கலாம், நசுக்கவும் மெல்லவும் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி செய்முறை மாறும் என்பதால் உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டே சொல்லுங்கள். அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் 625 என்ற ஆன்டிபயாடிக்கில் கோடு இருந்தால், அது முழுங்க வசதிக்காக இருக்கலாம், அளவைப் பாதியாக்க அல்ல. இரண்டு துண்டையும் அடுத்தடுத்து அதே வேளையில் போட்டுவிட வேண்டும். மிச்சம் வைத்தால் ஈரம் பட்டு நிறம் மாறி மருந்து கெடும், கடற்காற்று அடிக்கும் காசிமேட்டில் கேட்கவே வேண்டாம். இதற்குச் சிரப்பும் உண்டு. பாரசிட்டமால் 650, சாதா கால்சியம் 500 போன்றவற்றை யோசிக்காமல் உடைக்கலாம். மென்று சாப்பிடும் கால்சியமும் கிடைக்கிறது.

உடைக்கும் விதத்தையும் கற்றுக்கொடுங்கள். அரிவாள்மனையில் வைத்து அழுத்தினால் ஒரு துண்டு அடுப்படி மூலைக்குப் பறக்கும், மிஞ்சியதுதான் பாதி என்று வாயில் போட்டுக்கொள்வார்கள். மாத்திரை கட்டர் நீங்களே விற்கிறீர்கள், ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள். வேளைக்கு ஒன்றாக உடைக்க வேண்டும், முப்பதையும் ஒரே நாளில் உடைத்து டப்பாவில் போடக் கூடாது. பொடிக்கவே வேண்டியிருந்தால் இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து நசுக்கி, கொஞ்சம் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, அதே கிண்ணத்தை மறுபடி தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும். அம்மி, இடிகல் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் மருந்து மறுநாள் சட்னியோடு குழந்தைக்குப் போகும். அட்டையோடு வைத்துத் தட்டினால் அலுமினியச் சிதறல் பொடியில் கலக்கும்.

மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டை வீட்டில் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. புராஸ்டேட் வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் தரும் ஃபினாஸ்டெரைடு உடைந்திருந்தால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இந்த இரண்டுக்கும் சீட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள்.

உடைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் வீட்டுக்குப் போய் உடைத்துத்தான் போடுவார். எப்படி முழுங்குவது என்று சொல்லி அனுப்புங்கள்.

நம் வீடுகளில் எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பதுதான் பழக்கம். மரியாதைக்கு நல்லது, மாத்திரைக்கு ஆகாது. கழுத்து பின்னால் சாய்ந்தால் முழுங்கும் தசைகளுக்கு வேலை கடினம், புரையேறவும் வழி. மாத்திரை போடும்போது மட்டும் டம்ளரை வாய் வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு, அப்புறம் மாத்திரையை நாக்கின் நடுவில் வைக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தினர் 151 பேரிடம் இரண்டு முறைகளைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். மாத்திரைக்குப் பாட்டில் முறை: கசங்கக்கூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயை உதட்டால் இறுக்கி மூடி, காற்று புகாமல் உறிஞ்சிய வேகத்திலேயே முழுங்குவது. பாட்டில் உள்ளே ஒடுங்கினால் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம். இதில் சுமார் 60 சதவீதம் முயற்சிகளில் முழுங்குவது சுலபமானது. கேப்ஸ்யூலுக்குக் குனியும் முறை: கேப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும் என்பதால், ஒரு வாய் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினால் அது தொண்டைப் பக்கம் நகரும், அப்படியே முழுங்கிவிட வேண்டும். இதில் சுமார் 89 சதவீதம். இரண்டும் தண்ணீர் சரளமாகக் குடிக்கிறவர்களுக்குத்தான். பக்கவாதம் வந்தவர், தண்ணீர் குடித்தாலே இருமுகிறவர் ஆகியோருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

வாழைப்பழ மசியலிலோ கெட்டிக் கஞ்சியிலோ முழு மாத்திரையைப் பொதிந்து முழுங்குவதும் நல்ல வழி. தைராய்டு மாத்திரை, டி.பி. மாத்திரை வெறும் வயிற்றுக்கானவை, அவற்றுக்கு ஆகாது. சிப்ரோஃப்ளாக்ஸசினை, டாக்ஸிசைக்கிளினைப் பாலோடும் தயிரோடும் சேர்க்கக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்குச் சீரக மிட்டாயில் பழக்கலாம், சின்னதை முழுங்க வந்த பிறகு கொஞ்சம் பெரிது.

டி.பி.க்கான கூட்டு மாத்திரைகள் இந்தப் பகுதிக்கு முக்கியம். 50 முதல் 64 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை. நான்கையும் ஒரே வாயில் போட முயன்று வாந்தி எடுப்பார்கள். ஒவ்வொன்றாக, நடுவில் ஓரிரு நிமிடம் விட்டு, ஆனால் ஒரே வேளையில் முடிக்க வேண்டும். காலை இரண்டு, இரவு இரண்டு என்று பிரிக்கச் சொல்லாதீர்கள். ஒரே நேரத்தில் மருந்து உச்சத்துக்குப் போனால்தான் கிருமி சாகும். குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் மாத்திரை அரசுத் திட்டத்திலேயே உண்டு. அதற்கும் முடியாதவரை, மாத்திரை கொடுத்த மையத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

தண்ணீர் இல்லாமல் முழுங்கி உடனே படுப்பது இன்னொரு பழக்கம். டாக்ஸிசைக்கிளின், இரும்புச்சத்து, வலி மாத்திரை, எலும்புக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் ஆகியவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நம் கத்தரிக்கோலைப் பற்றியும் பேச வேண்டும். மூன்று மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறோம். பெயரும் எஸ்.ஆர். என்ற எழுத்தும் காலாவதித் தேதியும் கடையில் தங்கிவிடும், வாடிக்கையாளர் கையில் வெறும் வெள்ளித் துண்டு. அதை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் அங்கே எஸ்.ஆர். இடத்தில் சாதா மாத்திரை வந்து சேரும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் கவரில் முழுப் பெயரையும், வால் எழுத்துகளையும், தேதியையும் எழுதுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை பெறுகிறவர்கள் உங்களிடம் மாத்திரை வாங்காமலேயே சந்தேகம் கேட்டு வரலாம். அவர்களுக்கும் அட்டையை வாங்கிப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

கவரில் காலை, மதியம், இரவு என்று ஏற்கெனவே கட்டம் போடுகிறோம். அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: முழுசாக முழுங்கவும், உடைக்கலாம், தண்ணீரில் கரைக்கவும். பாரிமுனையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டால் முடிந்தது. எழுத்து படிக்க வராதவர்களுக்குப் படம் போடுங்கள்: முழு வட்டம், நடுவில் கோடு போட்ட வட்டம், டம்ளர். எதற்கு எது என்று சந்தேகமாக இருந்தால் முழு வட்டத்தில் டிக் செய்துவிட்டு, டாக்டரிடம் கேட்ட பிறகு மாற்றுங்கள்.

கவுண்டரில் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: “மாத்திரை மட்டும்தான் மாட்டுதா, சோறும் மாட்டுதா?” சோறு, இட்லி கூட நெஞ்சில் நிற்கிறது, முதலில் கெட்டி உணவு, அப்புறம் கஞ்சியும் இறங்கவில்லை, எடை குறைகிறது, குரல் கரகரக்கிறது என்று சொன்னால் அது மாத்திரை அளவின் பிரச்சினை அல்ல. எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டிய நிலை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் உட்பட எதுவாகவும் இருக்கலாம். ஸ்டான்லி மருத்துவமனைக்கு அந்த வாரமே போகச் சொல்லுங்கள். மாட்டிய மாத்திரையோடு எச்சில்கூட முழுங்க முடியாமல், மூச்சுத் திணறலோடு வந்தால் தண்ணீர் கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னை மருந்தாளுநர்கள் சிலர்