ரொட்டியில் மடித்த ஐஸ்கிரீமும் நம் பிள்ளைகளின் பேச்சும்

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறோம். மெல்பர்னில் நீ நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்பின் பெற்றோர் சிலர், "ஒரு பத்தியைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத பிள்ளைகளை உட்கார வைத்து, பிடித்த புத்தகம் எது, பிடித்த ஐஸ்கிரீம் எது என்று அரட்டை அடிக்க விடுகிறீர்களே" என்று குறைப்பட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருந்தாய். இங்கு சிங்கப்பூரில் நம் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் உன் பிள்ளைகளோடு காணொளியில் பேசும்போது, இந்தப் பக்கத்தில் ஓர் ஓரமாக அமர்ந்து கேட்டுவருபவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்டதை எழுதுகிறேன். கேட்பவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று பிள்ளை உணரும் இடத்தில்தான் அது தமிழில் வாயைத் திறக்கிறது. அப்படிப்பட்ட இடத்தைப் பாடநூல் அரிதாகவே தருகிறது. சமையலும் நாடகமும் கதையும் ஐஸ்கிரீமும் தாராளமாகத் தருகின்றன.

வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3.3 விழுக்காடாக இருந்தனர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பள்ளிகள் இதைக் கவனிக்காமல் இல்லை. வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடம் வேண்டும் என்று 2005இலேயே பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தமிழுக்குரிய 200 மதிப்பெண்களில் 50 வாய்மொழித் தேர்வுக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, அதையொட்டித் தேர்வாளரோடு உரையாட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தேர்வென்று வந்துவிட்டால் பிள்ளைகள் விடையை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். எந்த நூலைப் பற்றிக் கேட்டாலும் "அதில் நல்ல கருத்துகள் உள்ளன", எந்த உணவைப் பற்றிக் கேட்டாலும் "அது உடலுக்கு நல்லது" என்று ஒப்பிக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்பவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்கிறார் என்று அவர்களுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை, அவ்வளவே.

உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பையன் எங்கள் குழுவில் இருக்கிறான். இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவன். உன் வகுப்புச் சிறுமி ஒருத்தி திரையில் முகத்தை நெருக்கமாகக் கொண்டுவந்து, "ஐஸ்கிரீமை எதுக்கு பாண்ல வைக்கிறீங்கள்?" என்று, ரொட்டியைப் பாண் என்னும் ஈழத்து வழக்கில் கேட்டாள் பார், அன்றுதான் அவனுடைய குரலையே நான் முழுதாகக் கேட்டேன். ஆர்ச்சர்ட் சாலையில் ஐஸ்கிரீம் அங்கிள் மோட்டார் சைக்கிளோடு இணைந்த பெட்டியின் மூடியைத் திறந்து, செங்கல் வடிவத்தில் இருக்கும் கட்டியை எடுத்து, அட்டையை உரித்துவிட்டு, கத்தியால் அகலம் பார்த்து ஒரே வெட்டாக வெட்டுவதைக் கையாலேயே செய்து காட்டினான். வேஃபர் கேட்பவருக்கு இரண்டு வேஃபருக்கு நடுவில் வைத்துத் தருவார். ரொட்டி கேட்பவருக்கு இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த ரொட்டித் துண்டில் மடித்துத் தருவார். நம் ஊர் வெயிலில் கட்டி உடனே உருகத் தொடங்கும், வேஃபர் நமத்துப்போகும், கையெல்லாம் வழியும். ரொட்டியோ உருகுவதையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால் கடைசி வாய்தான் எல்லாவற்றிலும் சுவையானது என்று அடித்துச் சொன்னான்.

எங்கள் பக்கத்திலேயே ஒரு பெண் பிள்ளை மறுத்தாள். ரொட்டி வயிற்றைத்தான் நிரப்பும், ஐஸ்கிரீமின் மணத்தை மறைத்துவிடும், வேஃபர் நமத்துப்போவதற்குள் சாப்பிடத் தெரியாதவர்கள்தாம் ரொட்டியைக் கேட்பார்கள் என்றாள். அதன் பிறகு அறை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. சோளச் சுவையில் ஐஸ்கிரீம் உண்டு என்பதை உங்கள் பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை. டுரியான், இளம் ஊதா நிறத்தில் இருக்கும் யாம் என்ற சேப்பங்கிழங்கு, சிவப்பு அவரை என்று எங்கள் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிட, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் லைகன் ஸ்திரீட் இத்தாலியக் கடைகளின் ஜெலாட்டோவைப் பற்றி விளக்கத் தொடங்கினான். அதில் கொழுப்பு குறைவு, அடிக்கும்போது உள்ளே புகும் காற்றும் குறைவு, சாதாரண ஐஸ்கிரீமைவிடக் குளிர்ச்சி சற்றே குறைந்த நிலையில் வைத்திருப்பதால் குழைந்திருக்கும், தட்டையான கரண்டியால் வழித்துத்தான் வைப்பார்கள் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் பையன், "அப்படின்னா அதை ரொட்டியில வச்சா ரொட்டி நனைஞ்சு கிழிஞ்சிடுமா?" என்று கேட்டான்.

இந்த ஒரு கேள்வியை அந்தப் பெற்றோரிடம் நீ சொல்ல வேண்டும், கயல். "அப்படியென்றால்", "வைத்தால்", "கிழிந்துவிடுமா" என்று நிபந்தனையும் விளைவும் ஐயமும் ஒரே வாக்கியத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவன் வாயிலிருந்து வந்திருக்கின்றன. பயிற்சித்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி மாதக்கணக்கில் மன்றாடினாலும் வராதது அது. அவர்கள் கேட்கும் இலக்கணம் அந்தச் சண்டைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பிடித்தது எது என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதே. பட்டியல் சொல்லி முடித்துவிட்டால் பேச்சும் முடிந்துவிடும். மறுத்துப் பேச ஒருவரும், தெரியாமல் கேட்க ஒருவரும் இருக்கும்படி பார்த்துக்கொள்.

சமையலில் இது இன்னும் நன்றாக நடக்கிறது. உயர்நிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் உணவு பற்றிய பாடம் இருப்பதால், எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தவர்கள். ஒரு பெண், தன் பாட்டி வைக்கும் மீன் தலைக் கறியைச் சொன்னாள். அது தமிழ்நாட்டிலிருந்து அப்படியே வந்த பழைய குழம்பு என்று அவள் நினைத்திருந்தாள். கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர், சீன வாடிக்கையாளர்களுக்கு மீன் தலை விருப்பம் என்று கண்டு, 1949இல் தம் சிங்கப்பூர் உணவகத்தில் அதைச் சமைத்துப் பரிமாறியதிலிருந்து தொடங்கியது என்றே இங்கு பெரும்பாலும் சொல்லப்படுகிறது என்று நான் கூறியதும், பாட்டியிடம் போய் விசாரிக்கிறேன் என்றாள். மறு வாரம் விசாரித்தும் வந்தாள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்ததும் வெந்தயம், பிறகு கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும், தக்காளி கரையும்வரை வதக்கிப் புளிக்கரைசலை ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு வெண்டைக்காயும் கத்திரிக்காயும், எல்லாம் பாதி வெந்த பிறகே மீன் தலை என்று வரிசை பிசகாமல் சொன்னாள். "வெந்தயம் கறுத்துப் போச்சுன்னா குழம்பே கசக்கும்" என்று அவள் எச்சரித்தபோது, உன் பக்கத்துப் பையன் விடாமல், "கறுக்கப் போகுதெண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். மணத்திலேயே தெரியும் என்றாள். என்ன மணம் என்றான். அவள் கண்ணை மூடி யோசித்து, வறுத்த கடலையை நெருங்கும் ஒரு மணம் வரும், அதைத் தாண்டவிடக் கூடாது என்று சொன்னாள். பதினான்கு வயதுப் பெண் ஒரு மணத்தைத் தமிழில் சொல்லத் தேடிக் கண்டடைவதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா?

ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் உன் வகுப்பில் நிறைய இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய கொடை. ரம்பை இலையை அவர்கள் வீட்டில் இறைச்சிக் கறியில் போடுவார்கள் என்று கேட்டபோது, பாண்டான் என்று நாங்கள் சொல்லும் அதே இலையைக் கேக்கிலும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கிலும் பொத்தோங் என்ற குச்சி ஐஸ்கிரீமிலும் மட்டுமே பார்த்திருந்த எங்கள் பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாங்கிக் கறியில் போட்டுப் பார்த்துவிட்டு வருமாறு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நாடகத்தைப் பற்றிய பேச்சு அவ்வளவு எளிதில் சூடுபிடிக்கவில்லை. 1980களின் இறுதியில் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழு முதல் பின்னர் வந்த இளைஞர் குழுக்கள்வரை இங்கு தமிழ் மேடை உயிரோடுதான் இருக்கிறது. ஆயினும் பள்ளி அழைத்துச் சென்றாலன்றிப் பிள்ளைகள் தாமாகப் போவது குறைவு. பார்த்ததைச் சொல் என்றால் தடுமாறுகிறார்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கென்று தாங்களே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும் குறுநாடகத்தைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு பெருகுகிறது. வசனத்தை மறந்தவனுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கும் பிள்ளை, மேடையில் நிற்கும் எல்லாரையும்விடத் தனக்கே கதை நன்றாகத் தெரியும் என்று சொன்னதும் நடிகர்கள் கொதித்தெழுந்தார்கள். உன் பிள்ளைகளையும் பார்வையாளர்களாக வைத்துக் கேட்காதே. ஒரு சிறிய காட்சியையாவது நடிக்க வைத்துவிட்டுப் பிறகு கேள்.

புத்தகம்தான் எல்லாவற்றிலும் கடினம். இதை மறைத்துப் பயனில்லை. இங்குள்ள பிள்ளைகள் விரும்பிப் படிப்பவை பெரும்பாலும் ஆங்கில நூல்கள். அதனால் ஆங்கில நூலின் கதையாக இருந்தாலும் தமிழில் சொல்லட்டும் என்று நான் பிடிவாதமாக வாதிட்டேன். கதையைத் தன் சொல்லில் சொல்லும் பிள்ளை பாத்திரங்களுக்கு இடையே யார் பெரியவர், யார் யாரிடம் எப்படிப் பேசுவார் என்றெல்லாம் முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே மாதிரி இருந்த பேச்சைத் தமிழில் நீயா, நீங்களா என்று பிரிக்கும்போதே அந்த நூலை அது இன்னொரு முறை படித்ததாக ஆகிறது. திரைப்படம் பார்த்துவிட்டுப் பொன்னியின் செல்வனைப் புரட்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த கதை என்பதால் அத்தியாயங்கள் பலவும் வாசகரைத் தவிக்கவிட்டே முடிகின்றன. அந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு, மேலே என்ன நடக்கும் என்று மற்றவர்களை ஊகிக்கச் சொல்வது எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி. நீயும் செய்து பார். சிங்கப்பூர் எழுத்தாளர்களின் நூல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாட்டின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2015இல் மின்வடிவம் பெற்ற தமிழ் இலக்கியத் தொகுப்பு தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, அங்கிருந்தே படிக்கலாம்.

பிள்ளைகள் கூடிப் பேசுவது வீண் என்று எண்ணுபவர்களுக்கு இன்னொன்றையும் சொல். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு செய்தித்தாள், 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைப் பிள்ளைகளுக்கென்றே வைத்திருந்தது. தங்களுக்குப் பிடித்ததையும் தோன்றியதையும் பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பதில் எழுதினார்கள். இந்நாட்டின் தமிழ் எழுத்தாளர்கள் பலர் அந்தப் பக்கங்களில் பழகி வளர்ந்தவர்கள். உன் பெரிய அத்தை அந்தப் பக்கங்களைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்த நோட்டை நீ சிறு வயதில் பார்த்திருக்கிறாய். பல குறிப்புகள் எவ்வளவு சாதாரணமானவை என்று இப்போது எடுத்துப் படித்தால் உனக்குப் புரியும். எழுதியவர்களை ஆசிரியர் அங்கே திருத்திக்கொண்டே இருக்கவில்லை, எழுத விட்டார்.

அதனால் பிள்ளை நடுவில் ஒரு சொல்லுக்காக நின்றால் நீ எடுத்துக்கொடுக்காதே. பக்கத்துப் பிள்ளை எடுத்துக்கொடுக்கும்வரை பொறு. பொறுக்க முடியாத அமைதிபோலத் தோன்றும், தோன்றட்டும். ஃபிரிட்ஜ், ஓவன் என்று சொன்னால் விட்டுவிடு. வாக்கியம் தமிழில் முடிகிறதா என்று மட்டும் கவனி. எழுத்துப்பிழையைப் பேச்சு முடிந்த பிறகு, அவர்கள் பேசியதையே நான்கு வரி எழுதச் சொல்லித் திருத்து. எழுதச் சரக்கு இருக்கும்போது பிள்ளைகள் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை நான் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறன்று உங்கள் ஊரில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவிடுவீர்கள். அதன் பிறகு எங்கள் காலை 10 மணி உங்களுக்கு நண்பகல் 12 மணி. பிள்ளைகள் பசியோடு வந்து உட்காராதபடி முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல். லாமிங்டன் கேக்கின் மேல் தூவும் தேங்காய்ப்பூவை எப்படிக் காய வைக்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் கேட்கக் காத்திருக்கிறார்கள். விடை தெரிந்த பிள்ளை யார் என்று இப்போதே கண்டுபிடித்து வை. அந்தப் பிள்ளை இதுவரை அதிகம் பேசாததாக இருந்தால் இன்னும் நல்லது.

அம்மா உனக்குத் தனியாக எழுதுகிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா