ஆய்வேட்டுக் கோப்பு குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஆய்வேட்டுக் கோப்பு திறக்கவில்லை என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். அதன் பிறகு பேச்சே இல்லை. அழைத்தால் எடுப்பதில்லை, 'வேலையாக இருக்கிறேன்' என்று செய்தி வருகிறது. சரி, கோப்பைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அதை அப்படியே வேறோர் இடத்தில் நகல் எடுத்து வை. எதைச் செய்தாலும் நகலில் செய், மூலத்தைத் தொடாதே. அது பென் டிரைவில் இருந்தால் அதில் புதிதாக எதையும் சேமிக்காதே. அழிந்துபோன பழைய பிரதி ஏதேனும் அதில் மிச்சமிருந்தால், புதியது அதன் மேல் பதிந்து அதையும் கெடுத்துவிடும்.

அளவைப் பார்த்தாயா? பூஜ்யம் என்றால் உள்ளே ஒன்றுமில்லை, அதனோடு மல்லுக்கட்டாதே. பெயர் ~$ என்று தொடங்கினால் அது ஆய்வேடே அல்ல. கோப்பு திறந்திருக்கும்போது வேர்டு தானாக உண்டாக்கும் சின்னக் குறிப்பு. உண்மையான கோப்பு பக்கத்திலேயே இருக்கும். நீ அவசரக்காரி, அதனால் சொல்கிறேன்.

அளவு சரியாக இருந்தால் வேர்டில் 'ஓப்பன்' பொத்தானை ஒட்டிய அம்புக்குறியை அழுத்து. 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' என்று வரும். அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. 2007 பதிப்பிலிருந்து வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி, பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. நகலின் பெயர் முடிவில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திற. உள்ளே 'வேர்டு' என்ற கோப்புறையில் 'டாக்குமென்ட்' என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். குறியீடுகளுக்கு நடுவே நீ எழுதிய வரிகள் கிடக்கும். எங்கோ ஒரு மூலையில் பழுது என்றாலும் வேர்டு முழுவதையும் திறக்க மறுக்கக்கூடும். எழுதியதெல்லாம் போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. அலுவலகத்தில் இத்தனை வருடம் ஊரார் கோப்புகளைத் திறந்து கொடுத்தவள் நான். என்னிடம் கேட்கத் தோன்றவில்லையா?

மாமா தட்டச்சு செய்து தந்த பகுதி கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்படாதே. அது பாமினி என்ற பழைய எழுத்துரு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை அல்ல. எழுத்துருவை நிறுவினால் தமிழ் வந்துவிடும்.

உன் வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சல்களிலும் பழைய இணைப்புகள் இருக்குமே. அவருக்குக் கடைசியாக எப்போது அனுப்பினாய்? நீ துறைப் பக்கமே போவதில்லை என்று அண்ணன் சொல்கிறான். நான் நம்பவில்லை. அவனிடம் பேசுகிறாய், என்னிடம்தான் பேசுவதில்லை. கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்டதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா? அவர் எல்லோரையும் அப்படித்தான் கேட்பார். நம் வீட்டில் இவ்வளவு தூரம் படித்தவள் நீதான். இரண்டாம் அத்தியாயத்தை எனக்கு அனுப்பினாயே, அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போன வாரம்கூடத் திறந்து படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அதை இத்துடன் அனுப்புகிறேன்.

மறுபடியும் சொல்கிறேன், நகல் எடு. எடுத்ததும் அந்த நகலை எனக்கு அனுப்பு. பாதி எழுதியதாக இருந்தாலும், பல மாதமாகத் தொடாததாக இருந்தாலும் பரவாயில்லை. நான் திறந்து பார்க்கிறேன். ஞாயிறு மாலை அழைக்கிறேன், எடு.

அன்புடன்,
அம்மா